ஐந்தரை மணிக் கண்ணாடி

எனக்குக் கண் சரியாகத் தெரியாது என்று இந்தத் திருவனந்தபுரத்தில் குறைந்தது பதினைந்து வீடுகளில் நம்புகிறார்கள். அந்தப் பதினைந்து வீடுகளிலும் கார் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக வண்டி ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல பெயர் வேறென்ன வேண்டும்! அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் ஹரிநாராயணன் சார்.

இப்போது தம்பானூரில் ஒரு லாட்ஜ் வாசலில் நிற்கிறேன். உள்ளே வரும் கார்களுக்கு முன்னும் பின்னும் ஓடி, வா வா, வலப்பக்கம் ஒடி, இன்னும் கொஞ்சம், நிறுத்து என்று கை காட்டுவது வேலை. சுவரில் உரசாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண் தெரியாதவனுக்குப் பொருத்தமான வேலைதான்.

சார் வீடு கரமனையில், அக்ரஹாரத்தில். அந்தத் தெருவில் முன்பக்கத்தை இடித்து கார் நிறுத்த இடம் பண்ணிய முதல் வீடு அதுதான் என்று சாருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் மாமி, பெருமையாகச் சொல்வார். சார் கட்டிட இன்ஜினியர். ரிட்டயர் ஆன பிறகும் சும்மா இருக்கவில்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்தாலும் வந்தது, சுற்றிலும் கிடங்கு, குவார்ட்டர்ஸ் என்று கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் இரண்டு இடங்களுக்கு சார் ஆலோசகர். மத்தியானம் பாலராமபுரத்தில் ஒரு ஆபீஸ். ஐந்து மணிக்கு அங்கிருந்து கிளம்பி மேற்கே விழிஞ்ஞம். வாரத்தில் ஆறு நாளும் இதே ஓட்டம்தான்.

அந்தச் சாலையில் எனக்கு முன்னால் எப்போதும் ஒரு கல் லாரி போகும். மேலே தார்ப்பாய் இருந்தாலும் ஓரத்தில் பொடிக்கல் சிந்திக்கொண்டே போகும். முந்தலாம் என்றால் எதிரில் இன்னொரு கல் லாரி வரும். டிக், டிக் என்று கண்ணாடியில் விழும். பின் சீட்டில் சார் போனில் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு வருஷத்தில் முன்கண்ணாடி முழுக்க ரவை தூவியது மாதிரி சின்னச் சின்னக் குழி. நிழலில் நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயில் நேரே முகத்தில் அடிக்கும்போது மட்டும் ஒவ்வொரு குழியும் தனித்தனியாக மின்னும். அதோடு ஓட்டப் பழகிக்கொண்டேன். டிரைவர் என்றால் பழகிக்கொள்ள வேண்டியதுதானே.

பழக முடியாத ஒன்று போன ஆயுத பூஜைக்கு நடந்தது.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மாமி காருக்கு விபூதிப் பட்டை போட்டு, கண்ணாடி நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். பத்மப்ரியா மாமிக்கு எதையும் குறைவாகச் செய்யத் தெரியாது. சந்தனம் தோசைக்கரண்டியால் எடுத்து அப்பியது போல இருக்கும். மறுநாள் காலையில் அதைத் துடைக்கிறது என் வேலை. ஆனால் வண்டி துடைக்கும் துணி அதன்மேல் படக்கூடாது. அது டயரைத் துடைத்த துணி. சாமிக்கு வைத்த சந்தனத்தில் அது பட்டால் தோஷம். அதற்காக மாமி ஒரு புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, என் கை மேல் படாமல் போடுவார். நான் அதை ஈரமாகக் கண்ணாடி மேல் போட்டுவிட்டு ஒரு பீடி குடிக்கப் போவேன். திரும்பி வரும்போது சந்தனம் இளகியிருக்கும், அப்படியே வழித்து எடுத்துவிடலாம். தேய்க்கவே வேண்டாம். பத்து வருஷம் இப்படித்தான் செய்தேன். நான் எப்படிச் செய்கிறேன் என்று மாமி ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

போன தடவை பூஜைக்கு மூன்று நாள் முன்னால் வள்ளியூரில் என் சித்தப்பா இறந்துபோனார். போய்விட்டு அடுத்த நாளே வந்துவிடுகிறேன் என்றேன். மாமி பதறிப்போனார்.

"ஐயோ, வேண்டாம் வன்னியராஜ். துஷ்டி வீட்டுக்குப் போய்ட்டு பூஜைக்கு வரப்படாது. பதினாறு கழிஞ்சு வா, போரும். வண்டி இங்கதானே நிக்கும்."

பதினாறு கழித்துத்தான் வந்தேன். கார் ஷெட்டில் நின்றது. கண்ணாடி பளபளவென்று இருந்தது, அது ஒரு தினுசான பளபளப்பு. நான் கையை வைத்துத் தடவினேன். விரல் நுனியில் சொரசொரவென்று பட்டது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் கீறல். பித்தளைத் தாம்பாளத்தைத் தேய்த்தால் எப்படி இருக்குமோ அப்படி.

பாத்திரம் தேய்க்க வரும் மாடம்மாள் பின்பக்கத்திலிருந்து மெதுவாக வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணே, நான் சொன்னேன், கண்ணாடி கீறும்னு. சந்தனம் காஞ்சு கல்லாட்டம் ஆயிப்போச்சு. வண்டித் துணி படக்கூடாதுன்னு சொல்லி, பூஜைப் பாத்திரம் தேய்க்கிற நாரும் புளியும் பித்தளைப் பொடியும் குடுத்தாங்க. சாமி வெளக்கே கீறல, கண்ணாடி கீறுமான்னு கேட்டாங்க."

"நடுவுலதானே சந்தனம் இருக்கும்? எதுக்கு முழுசும் தேய்ச்சே?"

"நடுவுல மட்டும் பளிச்சுனு இருக்குன்னு முழுசும் தேய்க்கச் சொன்னாங்க. ரெண்டு நாள் தேய்ச்சேன். என் பேரச் சொல்லிராதீங்கண்ணே."

அவள் பெயரை நான் எதற்குச் சொல்லப் போகிறேன்? மாமி பெயரையும் சொல்ல முடியாது. அந்த வீட்டில் மாமி செய்தது தவறு என்று சொல்ல சாருக்கே வாய் கிடையாது. அதற்குள் மாமியே வாசலுக்கு வந்துவிட்டார். "பாத்தியோ வன்னியராஜ்? நீ பத்து வருஷமா தொடைக்கறே, என்னிக்காவது இப்படி மின்னித்தா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்று சாயங்காலம் பாலராமபுரத்திலிருந்து கிளம்பினோம். ஐந்தரை மணி. ஒரு வளைவு திரும்பியதும் சூரியன் நேர் எதிரில் வந்தது. அவ்வளவுதான், கண்ணாடி முழுக்க வெள்ளை. பழைய குழிகளும் புதுக் கீறல்களும் சேர்ந்து வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சாலை, லாரி, ஆள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்து ஓட்டினேன். பின்னாலிருந்து, "என்ன வன்னியராஜ், மாட்டு வண்டி மாதிரி போறே?" என்று குரல் வந்தது.

மறுநாள் காலையில் சாரை பாங்கில் இறக்கிவிட்டு நேரே லிங்கராஜ் கடைக்குப் போனேன். லிங்கராஜ் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். நேமத்தில் கார் கண்ணாடி மாற்றுகிற கடையில் வேலை. கண்ணாடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் மெல்ல இழுத்துப் பார்த்தான். இரண்டு மூன்று இடத்தில் நகம் மாட்டியது.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடியா இது? அம்மிய கொத்துன மாதிரில்லா இருக்கு. யாரு தேய்ச்சா?"

"அத விடு. பாலிஷ் போட்டா போகுமா?"

"மேலாக்க இருக்க கீறல்னா போகும். நகம் மாட்டுத கீறல்னா விட்டுருங்க. தேய்க்கத் தேய்க்க கண்ணாடி அந்த எடத்துல பள்ளமாயிரும். பொறவு ரோடு நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும், தலைதான் சுத்தும். குழிக்கு வைத்தியமே கெடையாது. இத மாத்தத்தான் செய்யணும். நீங்க மேக்க பாத்து ஓட்டாதீய, அவ்வளவுதான் சொல்லுவேன்."

மேற்கே பார்த்து ஓட்டாமல் விழிஞ்ஞம் போக எனக்கு வழி தெரியவில்லை.

சாரிடம் அன்றே சொன்னேன். குழி என்று மட்டும் சொன்னேன், கல் லாரி என்று சொன்னேன். தேய்த்த கதையை விழுங்கிவிட்டேன். சார் இறங்கி வந்து, ஷெட்டு நிழலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"நன்னாத்தானே இருக்கு. உள்ள இருக்கற பிள்ளையார்கூட நன்னாத் தெரியறார்."

"வெயில் எதிர்ல இருக்கும்போதுதான் சார் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அஞ்சரை மணிக்கு என் சீட்ல உக்காந்து பாருங்க சார்."

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் சீட்ல நான் உக்காரறதுக்கா உன்னை வச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது அவர் வேறு ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு இப்ப வயசு என்ன வன்னியராஜ்?"

ஐம்பத்திரண்டு என்றேன். அவர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை மாதம் இரண்டாவது வாரம் அது நடந்தது. விழிஞ்ஞத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். சூரியன் சாலையின் நுனியில் உட்கார்ந்திருந்தது. நான் இருபதில்தான் போய்க்கொண்டிருந்தேன். சார்தான், "ஆறு மணிக்கு மீட்டிங், கொஞ்சம் போ, கொஞ்சம் போ" என்று தோளுக்குப் பின்னால் நச்சரித்துக்கொண்டே இருந்தார். முப்பதுக்குப் போனேன். கண்ணாடியின் வெள்ளைக்குள் ஏதோ கறுப்பாக அசைந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. டங் என்று ஒரு சத்தம்.

இறங்கி ஓடினேன். மீன்காரி ஒருத்தி ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ரோஸ் என்று பெயர், அந்த வழியில் தினமும் பார்க்கிற முகம்தான். வண்டி அவள் மேல் படவில்லை. பயத்தில் தலையிலிருந்த அலுமினியப் பாத்திரம் விழுந்து, அயிலை மீன் எல்லாம் தார் மேல் சிதறிக் கிடந்தது. வண்டிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

"கண்ணு காணில்லேடா நினக்கு?" என்று கத்தினாள்.

அவள் கேட்டது நியாயம். நான் குனிந்து மீனைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவள் திட்டிக்கொண்டே வாங்கிப் பாத்திரத்தில் போட்டாள். சார் காரை விட்டு இறங்கவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கினார். "அவனுக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல" என்று அவளிடம் மலையாளத்தில் மன்னிப்பாகச் சொன்னார். மீன் நாற்றத்தோடு, கை கழுவாமல் வந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தேன்.

என் மனைவி பிரேமா அன்று ராத்திரி முழுக்க அழுதாள். மறுநாள் காலையில் அவளே என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண்ணில் மருந்து விட்டு, விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, அந்த டாக்டரம்மா சிரித்தார். "சேட்டன்டெ கண்ணினு ஒரு குழப்பவும் இல்லல்லோ" என்றார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியும் கொடுத்தார்.

அந்தத் தாளை மடிக்காமல் ஒரு கவரில் போட்டு சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். சார் வாங்கினார். திறக்கவில்லை.

"டாக்டர் ரூம்ல லைட்டைப் போட்டு எழுத்தைக் காட்டுவா. ரோடு அப்படியா இருக்கு? நாளைக்கு ஒரு உயிர் போனா நான்னா பதில் சொல்லணும். உன்னண்ட எனக்கு ஒரு விரோதமும் இல்ல, கேட்டியா. ரெஸ்ட் எடுத்துக்கோ. ஆபரேஷன் பண்ணிக்கோ. எல்லாம் சரியாகும்."

"சார், கண்ணாடி சார். என் கண்ணு இல்ல, கண்ணாடி. அதைப் புளி போட்டு..."

கதவுக்குப் பக்கத்தில் மாமி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சமையலறை வாசலில், கையில் துடைப்பத்தோடு மாடம்மாள். அவள் கண்ணைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் அவள் வேலைதான் போயிருக்கும், மாமிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் செய்தது நல்ல காரியம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மாடம்மாள் அதற்குப் பிறகு என்னைத் தெருவில் பார்த்தால் அடுத்த பக்கம் திரும்பிப் போகிறாள்.

அக்ரஹாரத்தில் ஒரு விஷயம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக மத்தியானக் காபி நேரம் போதும். வேலை கேட்டுப் போன வீட்டில் எல்லாம் முதலில் என் கண்ணைத்தான் பார்த்தார்கள். ஒரு வீட்டில் ஒரு மாமா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி எத்தனை என்று கேட்டார். பாவம், அவருக்கு என் மேல் அக்கறை. நான் டாக்டரம்மா எழுதிய தாளை எடுத்துக் கொடுத்தால், "இதெல்லாம் இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் அலைந்தேன். கடைசியில் லாட்ஜ்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை லிங்கராஜ் லாட்ஜுக்கே வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க சாரு கண்ணாடி மாத்திட்டாரு! இன்னைக்குக் காலைல நாந்தான் மாட்டுனேன்."

சாருடைய மகன் ஜெயந்த் பெங்களூரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். நான் போன பிறகு கார் ஷெட்டிலேயே நின்றது, சார் டாக்சியில் போய்க்கொண்டிருந்தார். மகன் வந்ததும் திங்கட்கிழமை சாயங்காலம் அப்பாவை விழிஞ்ஞத்துக்கு அவனே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதே வளைவு, அதே ஐந்தரை மணி. ரோட்டோரத்துச் சின்னப் பாலத்தின் கலுங்குச் சுவரில் முன்பக்கத்தை இடித்து நிறுத்திவிட்டு, இறங்கி நின்று கத்தினானாம்.

"கடைல வச்சும் அந்தப் பையன் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தான் அண்ணாச்சி. 'அப்பா, ஒண்ணுமே காணலையே, இதை வச்சிண்டு அவர் எப்படிப்பா ஓட்டினார்'னு. எனக்குக் கேட்டுட்டு மேலெல்லாம் புல்லரிச்சிட்டு."

"சார் என்ன சொன்னாரு?"

லிங்கராஜ் கொஞ்சம் தயங்கினான். "சாரு என்ன சொல்லுவாரு. 'பழைய டிரைவர் கவனிக்கல, என்னத்தையோ போட்டுத் தேய்ச்சிருக்கான்'னாரு. அந்த மாமியும் கூட நின்னாங்க. சாமி படத்தப் பாக்குத மாதிரி புதுக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே நின்னாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கண்ணாடிதான் என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார் அல்லவா? வெளியே என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், உள்ளுக்குள் தெரியுமே! மனுஷனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்குமே! இரண்டு நாளில் கூப்பிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வீட்டுக்குப் போய் பிரேமாவிடம் சொன்னேன். அவளும் நம்பினாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டினாள். புதன்கிழமை தாடியை மழித்துக்கொண்டேன். வியாழக்கிழமையும் மழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. திரையில் மாமி வீட்டு நம்பர். பிரேமா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் போனை எடுத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

"வன்னியராஜ், சௌக்கியமா? மாமி பேசறேன்."

"சொல்லுங்க மாமி, நல்லா இருக்கேன்."

"கேட்டியா, காருக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கோம். புதுசாச்சேன்னு நேத்திக்கு பூஜை பண்ணி சந்தனம் வச்சேன். இப்ப அது காஞ்சு போய் ஒட்டிண்டிருக்கு. தேய்க்கவே படாதுன்னு ஜெயந்த் என்னைக் கோவிச்சுக்கறான். நீ அதை எப்படி எடுப்பே? அதைச் சொல்லு."

"வண்டி யாரு மாமி ஓட்டுறது?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னிலேந்து ஒரு புது ஆள் வரான். வன்னியபெருமாள்னு பேர். உங்க ஊர்ப் பக்கம்தான். பேரும் உன் பேர் மாதிரியே இருக்கா, எனக்குக் கூப்பிட சௌகரியமாப் போச்சு."

என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. புளி போடுங்க மாமி, பித்தளைப் பொடியும் போட்டு நாரை வச்சு நல்லா அழுத்தித் தேய்ங்க, முழுக் கண்ணாடியையும் தேய்ங்க. சொல்ல வேண்டியதுதான். சொன்னால் மாமி செய்வார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சார் இன்னொரு தடவை கண்ணாடி மாற்றட்டும். ஆனால் மாற்றுவாரா? மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போய்விடுவான். அந்த வன்னியபெருமாள் பாலராமபுரத்திலிருந்து ஐந்தரை மணிக்கு மேற்கே போவான். அவனுக்கும் ஒருநாள் வயசு என்ன என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் ரோஸ் ரோட்டைக் கடப்பாள்.

"ஒரு துண்ட நல்லா நனைச்சு, பிழியாம கண்ணாடி மேல போடுங்க மாமி" என்றேன். "பத்து நிமிஷம் அப்படியே விட்டுருங்க. பொறவு துண்டோட சேத்து வழிச்சா வந்துரும். தேய்க்கவே தேய்க்காதீங்க."

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருஷம் அவ்வளவு நாழி எடுத்துண்டே?" மாமி சிரித்தார். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, ரொம்பக் கரிசனமாகக் கேட்டார்: "அது இருக்கட்டும், உன் கண்ணு இப்ப எப்படி இருக்கு? ஆபரேஷன் பண்ணிண்டியோ? அசட்டையா இருந்துடாதே, கேட்டியா."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே யாரோ கூப்பிட்டார்கள் போல. போனை வைத்துவிட்டார்.

பிரேமா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னாங்க? எப்ப வரச் சொன்னாங்க?"

சட்டைப் பொத்தானை மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

"கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டாங்க" என்றேன்.